சிலந்தி முன்னால் இருமக் கூடாது

"அசையாதே ஹஸீனா, அசையாதேன்னு எத்தனை தடவ..."

"நான் எங்க அசையுறேன், நீதான்..."

"மூடியை ஆட்டுறே. வெளிச்சம் தள்ளாடுது. அதோட மூஞ்சியே கலங்கிப் போய்..."

"லாத்தா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"ஒரு மூடியைப் பிடிக்கத் தெரியல, விடியக்காலை பூன் லேயில ரயில் ஏறி வந்துட்டா எனக்கு ஒத்தாசை பண்ண!"

"மூடி என் கையிலயே இல்ல லாத்தா. செவுத்துல சாத்தி வெச்சு அஞ்சு நிமிஷமாச்சு. திரும்பிப் பாரு."

ரஷீதா கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கித் திரும்பிப் பார்த்தாள். இலை மேல் வெளிச்சத்தைத் திருப்பிவிட வைத்திருந்த ஐஸ்க்ரீம் டப்பாவின் வெள்ளை மூடி, பாண்டான் செடி வைத்த பெயிண்ட் டின்னுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து, ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. தங்கச்சியின் ஒரு கையில், கடையில் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டித் தந்த கோப்பி தொங்கியது. இன்னொரு கை இடுப்பில் இருந்தது. இடுப்பில் கை வைத்துவிட்டாள் என்றால் ஹஸீனா லேசில் விடமாட்டாள்.

"அப்ப காத்து" என்றாள் ரஷீதா.

"இந்தச் சந்துல காத்தா? இலை அசையுதா பாரு."

இலை அசையவில்லை. இலை விளிம்பில் உட்கார்ந்திருந்த சிலந்தியும் அசையவில்லை. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. வலை பின்னிக் காத்திருக்காமல் குதித்துப் பிடிக்கிற ஜாதி. முன்பக்கம் நாலு கண், அதில் நடுவில் இருக்கிற இரண்டும் மோட்டார் வண்டி விளக்கு மாதிரி பெரிசு. அந்த இரண்டு கண்ணாலும் அக்காளையும் தங்கச்சியையும் பார்த்துக்கொண்டிருந்தது, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லப் போகிற மாதிரி.

ஜாலான் புசார் சாலை ஹார்ட்வேர் கடைகளின் பின்சந்தில் காலை எட்டு மணிக்கு ஒரு வெளிச்சம் வரும். வெயில் எதிர்ச்சுவரில் பட்டு, அங்கிருந்து திரும்பி, சூடெல்லாம் ஆறி, செடிகள் மேல் மெதுவாக இறங்கும். எட்டரைக்கு மேல் இருக்காது. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் ரஷீதா இந்தச் சந்தைப் பிடித்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்து அறிவியல் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றின கை அவளுடையது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைக்கு வேறு வேலை வேண்டாமா? கேமரா வாங்கினாள். பூ எடுத்தாள், பிடிக்கவில்லை. பூ எங்கே ஓடிப் போகப்போகிறது? சிலந்தி எடுத்தாள். ஆறு வருஷமாகச் சிலந்திதான்.

"ஃப்ளாஷைப் போட்டுத் தொலையேன்" என்றாள் ஹஸீனா. "படம் எடுக்குற மத்தவங்கல்லாம் போடுறாங்கள்ல?"

"போடுறாங்க. சிலந்தியெல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வெச்ச திருடன் மாதிரி முழிக்குது. அதோட உடம்புல இருக்கிற முடிகூட பயந்து நிக்குது."

"முழிச்சா முழிச்சுட்டுப் போகுது. ஃப்ளாஷ் போட்டா கை நடுக்கம் தெரியாதுன்னு நீதானே சொன்னே?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஹஸீனாவுக்கே உறைத்தது. ரஷீதா குனிந்து கேமராப் பையின் ஜிப்பை இழுத்தாள். ஜிப் மூன்று தடவை விரலிலிருந்து நழுவியது.

"கையைக் காட்டு லாத்தா."

"பசி. இன்னும் எதுவும் சாப்பிடல."

"கையைக் காட்டுன்னேன்."

"கோப்பியக் குடுடி, ஆறிப் போகுது."

ஹஸீனா கோப்பிப் பையை நீட்டினாள். ரஷீதா வாங்கினாள். பைக்குள் கறுப்புக் கோப்பி மெல்லச் சிலிர்த்தது. மேல்பரப்பில் வட்டம் வட்டமாக ஓடி, ஓரத்தில் மோதி, திரும்பி வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"எத்தனை நாளா?" ஹஸீனாவின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"ஆறேழு வாரம்."

"வாப்பா மாதிரியா?"

ஆறேழு வாரமாக ரஷீதா தனக்குள்ளேகூடச் சொல்லிப் பார்க்காத வார்த்தை அது. இவர்களைப் பெற்ற வாப்பாவுக்கு வலது கட்டைவிரலில் ஆரம்பித்தது. விரல் தானாகவே எதையோ உருட்டும். கைலி மடிப்புக்குள் கையைச் செருகிக்கொண்டு ரெண்டு வருஷம் ஓட்டினார். பிறகு சோற்றைப் பிசைய முடியவில்லை, பிறகு பொத்தான் போட முடியவில்லை, கடைசியில் தன் பெயரைச் சொல்ல நாக்குப் புரளவில்லை. குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்தது இவர்கள் இரண்டு பேரும்தான். யாரும் வந்து விளக்கிச் சொல்லத் தேவையில்லாத வியாதி.

"வாப்பாவுக்கும் மொதல்ல காலையிலதான் வந்துச்சு" என்றாள் ரஷீதா. "எனக்கும் காலையிலதான். மத்தியானம் போயிடுது. ராத்திரி ஊசியில நூல் கோக்குறேன், ஒரே தடவையில போயிடுது. மறுநாள் இங்க வந்து நின்னா மறுபடியும் வந்துடுது. என்கிட்ட ஒளிஞ்சு விளையாடுற மாதிரி இருக்கு புள்ள."

"படமெல்லாம்?"

"எல்லாம் அழிச்சாச்சு. நானூறுக்கு மேல. ஒண்ணுல கண்ணு ரெண்டு நாலாத் தெரியுது, இன்னொண்ணுல எட்டாத் தெரியுது. எட்டு இருக்கிறதென்னவோ வாஸ்தவம்தான், ஆனா ஒரே பக்கத்துல எட்டு இல்ல."

சிரிக்கத்தான் அப்படிச் சொன்னாள். ஹஸீனா சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து மூக்குக்குக் கிட்ட வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"பாலிகிளினிக்ல டாக்டரைப் பாக்க இடம் போடுறேன். நாளைக்குப் பதினொண்ணே கால் இருக்கு."

"நாளைக்கு வேண்டாம். அந்தப் பொட்டச்சிலந்தி இலைய மடிச்சு முட்டை வைக்கிற நேரம் இது..."

"முட்டை வெச்சா வெச்சுட்டுப் போகுது. நாளைக்குக் காலையில நீ இந்தச் சந்துப் பக்கமே வரக் கூடாது. கேமராவைத் தொடக் கூடாது. நான் நேரா வீட்டுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன். போட்டாச்சு லாத்தா, பேசாதே."

மறுநாள் விடியலில் ரஷீதா சுபுஹு தொழுதுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சந்துக்குப் போகவில்லை. கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். எட்டு மணி ஆனது, எட்டரை ஆனது. கை மரக்கட்டை மாதிரி கிடந்தது. இன்றைக்குப் பார்த்து வராமல் போனால் டாக்டர் என்ன நினைப்பார்? வயசானவளுக்குப் பிரமை என்று எழுதிவிடுவார். வந்து தொலைக்கிறதென்றால் வரட்டுமே என்றுகூட இருந்தது. தப்பான நினைப்பு என்று உடனே இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்துகொண்டாள்.

டாக்டர் சின்னப் பெண். சங்கீதா என்று சட்டையில் எழுதியிருந்தது. தமிழில் ஆரம்பித்து, ஆங்கிலத்துக்குப் போய், இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கே திரும்பி வந்தாள்.

"கையை நேரா நீட்டுங்க ஆன்ட்டி. விரலை விரிங்க. ம், அப்படியே வெச்சிருங்க. இப்ப கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சீக்கிரம் சீக்கிரமா தட்டுங்க. எழுந்து கதவு வரைக்கும் நடந்து வாங்க. இந்தத் தாள்ல நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள் போடுங்க."

ரஷீதா போட்டாள். சுருள் ஓரிடத்திலும் பிசகவில்லை.

"ஸ்டெடியா இருக்கே ஆன்ட்டி. என்னோட கையெழுத்தைவிட நல்லாருக்கு."

"இப்ப இருக்கும் டாக்டர். படம் எடுக்கிறப்பதான் வரும்."

"அப்படி ஒரு நோய் உண்டா டாக்டர்?" என்று ஹஸீனா நடுவில் புகுந்தாள். "சிலந்தியைப் பாத்தா மட்டும் வர்ற மாதிரி?"

"சிலந்தியா?"

"லாத்தா சிலந்தியைத்தான் எடுக்கும். கிட்டக்கப் போய். இவ்வளவு கிட்டக்க." ஹஸீனா தன் உள்ளங்கையை டாக்டர் மூக்குக்கு நேராகக் கொண்டுபோனாள். டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"எங்க வாப்பாவுக்கு நடுக்கு வாதம்" என்றாள் ரஷீதா. கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருந்தது, கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது. "பதினோரு வருஷம் கிடந்தாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "சரி ஆன்ட்டி. நீங்க எழுதிக் குடுத்ததுல ப்ரஷர் மாத்திரை மட்டும்தான் இருக்கு. வேற மருந்து எதுவும் சாப்பிடுறதில்லையா?"

"இல்ல."

"நாட்டு மருந்து, சத்து மாத்திரை?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. நடுக்கம் வர்ற அன்னிக்குக் காலையில, எழுந்ததுலேருந்து படம் எடுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணுவீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

"சுபுஹு தொழுவேன். குர்ஆன் ரெண்டு பக்கம் ஓதுவேன். பேட்டரி சார்ஜ் ஆயிருக்கான்னு பாப்பேன்."

"வெறும் வயித்துல கிளம்பிடும் டாக்டர், ஒரு பிஸ்கட்கூட..."

"நீ சும்மா இரு புள்ள. ஏழரைக்குச் சந்துக்குப் போயிடுவேன். பாண்டான் இலையை ஒவ்வொண்ணாத் தேடுவேன். ஆளு கிடைச்சதும் பையைத் தொறப்பேன். தூசி போக ஊதுற பலூனை எடுத்து லென்ஸை ஊதுவேன், துணியால துடைப்பேன், நாலு தடவ அடிப்பேன், அப்புறம் கேமராவை..."

"எதை அடிப்பீங்க?"

"ஸ்ப்ரே."

"லென்ஸுக்கா?"

"லென்ஸுக்கு எதுக்கு? வாய்க்கு."

டாக்டர் ஹஸீனாவைப் பார்த்தாள். ஹஸீனா, இதிலென்ன இருக்கிறது என்கிற மாதிரி, "லாத்தாவோட ஆஸ்துமா ஸ்ப்ரே" என்றாள். "அந்த நீல டப்பா. காட்டுத்தீப் புகை ஊரையே மூடுன ஹேஸ் வருஷம் இழுப்பு வந்துச்சு, அப்பக் குடுத்தது."

"இப்ப இழுப்பு வருதா ஆன்ட்டி?"

"இல்லவே இல்ல."

"இழுப்பு இல்லாமலா நாலு தடவை அடிக்கிறீங்க?"

"இருமக் கூடாதுல்ல?" என்றாள் ரஷீதா. இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியம். "வெறும் காலை வெளிச்சத்துல எடுக்கிறேம்மா. ஷட்டர் கொஞ்சம் மெதுவாத்தான் மூடும். மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கணும். அந்த நேரம் பாத்துத் தொண்டை அரிக்கும். மாசி மாசக் கடைசியில ஒருநாள், ஒரு சிலந்தி வாயில ஈயை வெச்சுக்கிட்டு நேராப் பாக்குது. அப்படி ஒரு போஸ் இந்த ஆறு வருஷத்துல கிடைக்கல. நான் இருமினேன். ஈயைப் போட்டுட்டு ஒரே தாவு."

"அன்னிக்கு லாத்தா சோறே திங்கல" என்றாள் ஹஸீனா. "நான்தான் சொன்னேன், இருமல் வர்றதுக்கு முன்னாடியே அடிச்சுக்கோயேன்னு. அதுக்கப்புறம் இருமலே..."

அந்த இடத்தில் ஹஸீனா நின்றுவிட்டாள். டாக்டரின் முகம் மாறியிருந்தது. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று அவள் தவிப்பது தெரிந்தது.

"மொதல்லயே நாலா அடிச்சீங்க?"

"மொதல்ல ரெண்டுதான். கை ஆட ஆரம்பிச்சதும், மூச்சு சரியா நிக்கலைன்னு நாலாக்கினேன். இப்பக் கொஞ்ச நாளா..." ரஷீதா தயங்கினாள். "சில நாள் ஆறு."

"ஆன்ட்டி, அந்த ஸ்ப்ரேதான் கையை ஆட்டுது."

ஹஸீனா அக்காளின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மூச்சுக்குழாயைத் தளர்த்துற மருந்து அது. தேவையில்லாம இத்தனை தடவை அடிச்சா கை நடுங்கும், நெஞ்சு படபடங்கும். ரெண்டு மூணு மணி நேரத்துல அடங்கிடும். அதனாலதான் மத்தியானம் சரியாயிடுது. நீங்க கை நடுங்க நடுங்க இன்னும் கூட அடிச்சிருக்கீங்க."

"வெறும் வயித்துல கறுப்புக் கோப்பி வேற" என்றாள் ஹஸீனா, யாரையோ காட்டிக்கொடுக்கிற குரலில்.

"அதை ஏன் மருந்துன்னு எழுதல ஆன்ட்டி?"

"அது மருந்துப் பெட்டியில இல்லியேம்மா. கேமராப் பையில, துணியோட துணியா கிடக்குது. நான் அதைப் படம் எடுக்கிற சாமான்னுல்ல நினைச்சுக்கிட்டிருக்கேன்!"

இந்தத் தடவை டாக்டரால் அடக்க முடியவில்லை. சிரித்தபின் மன்னிப்புக் கேட்டாள். ஆறு வாரம் மூச்சு முட்டினால் தவிர ஸ்ப்ரேயைத் தொடக் கூடாது, மூச்சு எப்படி இருக்கிறது என்று ஊதிப் பார்க்க ஒரு நாள் வரவேண்டும், அதற்கப்புறமும் நடுக்கம் இருந்தால் பெரிய டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றாள். "ஆனா இருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. வாப்பாவுக்கு வந்த மாதிரி அடையாளம் ஒண்ணுமே உங்ககிட்ட இப்ப இல்ல."

ரஷீதா எழுந்து வெளியே வந்தாள். வரிசை நாற்காலிகளில் ஆட்கள் தங்கள் எண் வருகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலியாக இருந்த ஒன்றில் உட்கார்ந்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தாள், கண்ணீர்தான் வந்தது. முந்தானையை எடுத்து முகம் முழுக்கத் துடைத்தாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இடம் அகலமாகிவிட்டது, எப்படி உட்காருவது என்றே தெரியவில்லை.

"நான்தான் லாத்தா உன்னை நடுங்க வெச்சிருக்கேன்" என்றாள் ஹஸீனா. "நான்தானே அடிச்சுக்கச் சொன்னேன்."

"நீ ரெண்டுன்னுதானே சொன்னே. ஆறு என்னோட கைங்கரியம்."

"ராத்திரி பூரா தூங்கல நான். உன் வீட்டுக் குளியலறையில பிடிச்சு நடக்கக் கம்பி எங்க வைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே கிடந்தேன்."

"கம்பியா! எனக்கா!"

"பச்சைக் கலர்ல."

ரஷீதா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி தண்ணீர்ப் புட்டியை நீட்டுகிற அளவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து நேராகச் சிராங்கூன் சாலைக்குப் போனார்கள். இரண்டு பேரும் முட்டையும் கறியும் வைத்து மடித்த முர்தபா ஆளுக்கு ஒன்று தின்றார்கள். ஹஸீனா மதிய வேலைக்கு வரமுடியாது என்று பொய் சொல்லி லீவு எடுத்தாள். வயிற்று வலி என்றாள். அவ்வளவு தின்ற பிறகு அது முழுப் பொய்யாகவும் இருந்திருக்காது.

டாக்டர் சொன்னது காதுக்குப் போதும். கண்ணுக்குப் போதவில்லை. மறுநாள் ஏழு ஐம்பதுக்கு ரஷீதா சந்தில் நின்றாள். இட்லி தின்றுவிட்டு வந்திருந்தாள், ஸ்ப்ரே வீட்டில் மருந்துப் பெட்டிக்குப் போயிருந்தது. ஹஸீனா மூடியைப் பிடித்துக்கொண்டு குந்தினாள்.

பொட்டச்சிலந்தி முட்டை வைத்துவிட்டிருந்தது. இலையை மடித்து வெள்ளைப் பட்டால் தைத்து, அந்தத் தையலுக்கு மேலே காவலுக்கு உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் எதிர்ச்சுவரிலிருந்து இறங்கி வந்தது. ரஷீதா முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். கேமராவோடு மயிரிழை முன்னால் சாய்ந்தாள், மயிரிழை பின்னால் வந்தாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். தொண்டை அரித்தது. அரிக்கட்டும் என்று விட்டாள். ஷட்டர் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று விழுந்தது.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்தே அதிர இருமினாள். சிலந்தி அசையவில்லை. முட்டையை விட்டு அது எங்கே போகும்?

"பாரு பாரு" என்றாள் ஹஸீனா.

ரஷீதா திரையைத் தட்டிப் பெரிசாக்கினாள். இன்னும் பெரிசாக்கினாள். கண்ணோர முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. இரண்டு கண்ணும் இரண்டாகவே இருந்தன. ஒவ்வொரு கண்ணுக்குள்ளேயும் சந்துக்கு மேலே தெரிகிற ஒரு கீற்று வானம் இருந்தது. அதற்குக் கீழே, உற்றுப் பார்த்தால், குந்தியிருக்கிற ஒரு பெண்ணின் நிழல்.

"அது நானா?"

"வேற யாரு? குண்டாத் தெரியலியா?"

"போ லாத்தா!"

ரஷீதா கையை நீட்டிப் பார்த்தாள். அடுத்த கையையும் நீட்டினாள். இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், புது வளையல் போட்டவள் மாதிரி. ஒரு விரல்கூட ஆடவில்லை. நானூறு படத்தை அழித்த வருத்தம்கூட அப்போது இனிப்பாக இருந்தது. நோய் இல்லாத ஒருத்தி அழித்த படங்கள்தானே. இன்னொரு நானூறு எடுக்கலாம்.

"இன்னும் பத்து நிமிஷம் வெளிச்சம் இருக்கு. இந்தப் பக்கமா வந்து பிடி, பக்கவாட்டுல ஒண்ணு எடுக்கிறேன்."

ஹஸீனா எழுந்து வரவில்லை. மூடியை மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு. கால் மரத்துப் போச்சா?"

"ஆறேழு வாரம் லாத்தா. வாரத்துக்கு ரெண்டு நாள் நான் இதே இடத்துலதான் உன் பக்கத்துல குந்தியிருந்தேன். அது நெசமாவே வாப்பா வியாதியா இருந்து, அன்னிக்கு மூடியும் என் கையிலயே இருந்து, உன் கை ஆடுறது எனக்குத் தெரியாமப் போயிருந்தா, என்கிட்ட நீ எப்பச் சொல்லியிருப்பே?"